சாயம் ஹலால்தான், சாயமிடுவது?

சங்கரநாராயணர் கோயிலுக்கும் ஆடித்தபசுக்கும் அடுத்தபடியாகச் சங்கரன்கோவிலை வெளியூரார் இரண்டு பொருள்களால் அறிவர். ஒன்று, விசைத்தறிச் சேலை. மற்றொன்று, ஆட்டிறைச்சிப் பிரியாணி. தறி இருக்கும் ஊருக்குச் சாயம் புதிதன்று. நூலில் ஏறிய நிறம் பல வெளுப்புக்கும் தாங்குமானால் அது நெய்தவருக்குப் பெருமை. அதே பிடிவாதத்தோடு ஒரு நிறம் சோற்றுப் பருக்கையிலும், கோழித்துண்டிலும், பிள்ளையின் நாக்கிலும் ஒட்டிக்கொண்டு போக மறுத்தால் அதை என்னவென்று சொல்வது? உணவில் செயற்கைச் சாயம் சேர்ப்பது மார்க்கத்தில் கூடுமா என்று நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. கேள்வி நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் அது தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது.

'சாயத்தில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறதாமே?' என்றுதான் கேட்கிறார்கள். அதாவது, சாயம் எதிலிருந்து வந்தது என்பதொன்றே நமக்குக் கவலை. அது உடலுக்கு என்ன செய்கிறது, அதைக் கொண்டு விற்பவர் என்ன செய்கிறார் என்னும் இரண்டு கேள்விகளை நாம் கேட்பதில்லை. என் கருத்தில், செயற்கைச் சாயத்தைப் பொறுத்தவரை முதற்கேள்வி மிக எளியது; மற்ற இரண்டுமே மறுமையில் நம்மைப் பிடிக்கக்கூடியவை.

எளியதை முதலில் முடித்துக்கொள்வோம். 1856ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்னும் 18 வயது இளைஞர் மலேரியாவுக்கான கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, குடுவையில் ஊதாச் சாயம் கிடைத்தது. நிலக்கரியிலிருந்து பெறப்படும் கீல், சாயங்களின் தாயானது அப்போதுதான். துணிக்காகப் பிறந்த அந்தச் சாயக் குடும்பத்தின் சில பிள்ளைகள் பிற்பாடு அடுக்களைக்குள்ளும் வந்துவிட்டன. இன்று மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் பூமியிலிருந்து எடுக்கப்படுபவை. அறுக்கப்படாத பிராணியோ, பன்றியோ, இரத்தமோ, மதுவோ அவற்றில் இல்லை. நஜீஸ் என்று சொல்லவும் முகாந்தரம் இல்லை. பொருள்களின் அடிப்படை நிலை அனுமதியே என்பது ஃபிக்ஹு நூல்கள் நெடுக வரும் விதி. தடுப்பதற்கு ஆதாரம் வேண்டும்; அனுமதிப்பதற்கு வேண்டியதில்லை. ஆகவே 'பெட்ரோலில் செய்தது, எனவே ஹராம்' என்பது அருவருப்பின் குரலே தவிர மார்க்கத்தின் குரல் அன்று. தம் நாவில் வந்தபடி இது ஹலால், இது ஹராம் என்று பொய்யாகச் சொல்லிவிடுவதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் கண்டிக்கிறது. பேணுதலின் பெயரால் செய்தாலும் அக்கண்டனத்திலிருந்து தப்ப முடியாது.

பல ஆண்டுகளாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றிவரும் ஒரு பட்டியலை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஈ 100, ஈ 110, ஈ 120, ஈ 140 என்று நீண்ட வரிசையில் எண்களை அடுக்கி, இவையெல்லாம் பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் இரகசியக் குறிகள் என்று அது அச்சுறுத்தும். ஈ 100 என்பது குர்குமின். நம் வீட்டு மஞ்சளின் நிறம். ஈ 140 இலைகளின் பச்சையம். மஞ்சளையும் கீரையையும் பன்றிக் கொழுப்பாக்கிய அந்தச் செய்தியை ஸவாப் கிடைக்கும் என்று எண்ணி எத்தனை பேர் அனுப்பியிருப்பார்கள்! இரகசியம் என்று அதில் எதுவும் இல்லை. அந்த எண்கள் ஐரோப்பாவில் வெளிப்படையாக அச்சிடப்படும் பட்டியல்; நம் நாட்டுப் பொட்டலங்களிலும் ஐஎன்எஸ் என்ற தலைப்பில் பெரும்பாலும் அதே எண்கள்தாம் வருகின்றன. டார்ட்ரசின் 102, சன்செட் யெல்லோ 110, கார்மோசின் 122, பான்சியூ 4ஆர் 124, எரித்ரோசின் 127, இண்டிகோ கார்மைன் 132, பிரில்லியண்ட் ப்ளூ 133, ஃபாஸ்ட் கிரீன் 143. நம் நாட்டு விதிகளில் நெடுங்காலமாக இடம்பெற்றிருக்கும் எட்டுச் செயற்கைச் சாயங்கள் இவையே. இந்த எட்டில் ஒன்றுகூடப் பிராணியிலிருந்து பெறப்படுவதன்று.

ஆனால் அந்தப் பொய்ப் பட்டியலுக்குள் ஓர் உண்மையும் சிக்கிக்கொண்டது: ஈ 120. அது கார்மைன். தென்னமெரிக்கக் கள்ளிச் செடிகளில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சிவப்பு. ஒரு கிலோ சாயத்துக்கு வேண்டிய பூச்சிகளின் எண்ணிக்கை இலட்சத்தைத் தாண்டும். வேடிக்கை என்னவென்றால், இது 'இயற்கைச் சாயம்'. செயற்கை வேண்டாம், இயற்கையே நல்லது என்று தேடிப்போகிறவர் கையில்தான் இது அகப்படும். பூச்சிகளை உண்பதை ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் தடுக்கின்றன. மாலிக்கி மத்ஹபில் இடம் உண்டு. உள்நாட்டில் ராவுத்தர் குடும்பங்கள் ஹனஃபிகளாகவும், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊரார் ஷாஃபிஈகளாகவும் இருக்கும் தமிழகத்தில் இருசாராருக்கும் முடிவு ஒன்றுதான். எனினும் ஷாஃபிஈகள் நிறைந்த இந்தோனேசியாவில் உலமா மன்றம் 2011இல் 33ஆம் எண் ஃபத்வா மூலம் கொச்சினீல் சாயத்தை அனுமதித்தது. 2023இல் கிழக்கு ஜாவாவின் நஹ்தத்துல் உலமா அறிஞர்கள் கூடி, உணவில் அது கூடாது என்று ஷாஃபிஈ நூல்களின்படி முடிவு செய்தனர். ஒரே நாடு, ஒரே மத்ஹப், இரண்டு முடிவுகள். அனுமதித்தவர்களை நாம் பழிக்க வேண்டியதில்லை. நம் மத்ஹபு நூல்கள் சொல்வது தெளிவாக இருக்கும்போது, வளைகுடாவிலிருந்து மாமாவும் மச்சானும் கொண்டுவரும் மிட்டாய்ப் பெட்டியைத் திருப்பி, 120 என்ற எண்ணோ கார்மைன் என்ற பெயரோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுப்பது நமக்குப் போதும். பெயர் ஒற்றுமையால் ஏமாற வேண்டாம்: எட்டுச் சாயங்களில் ஒன்றான இண்டிகோ கார்மைனுக்கும் இந்தப் பூச்சிக்கும் எந்த உறவும் இல்லை, அது நீல நிறம்.

சாயத்தைச் சுமந்துவரும் பொருளையும் கவனிக்க வேண்டும். திரவச் சாயங்களில் கிளிசரின் போன்றவை கரைப்பானாக இருக்கும். சிலவற்றில் ஆல்கஹாலும் இருக்கலாம். பீட்டா கரோட்டின் போன்ற மஞ்சள் நிறங்களை நுண்மணிகளாக்க ஜெலட்டின் சேர்ப்பதும் உண்டு. பொட்டலத்தின் பச்சைப் புள்ளி ஜெலட்டின் இல்லை என்பதைச் சொல்லும். ஆல்கஹாலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எவ்வளவு சாயம் என்பதையும் சொல்லாது.

இனி இரண்டாவது கேள்வி. அல்பகராவின் 168ஆம் வசனம் மனிதர் அனைவரையும் நோக்கிப் பேசுகிறது. பூமியிலுள்ளவற்றில் ஹலாலானதை மட்டும் அன்று, தய்யிபானதையும் உண்ணும்படி சொல்கிறது. இறைச்சிக் கடைக்குச் சென்றால் அறுத்தவர் யார், பிஸ்மி சொன்னாரா என்று கேட்கும் நாம் இரண்டாவது சொல்லைக் கேட்டும் கேளாதவர்போல் கடந்துவிடுகிறோம். நம் ஊர்க் கடைப் பலகைகளில் 'ஹலால்' என்று எழுதியிருக்கிறது. 'தய்யிப்' என்று எழுதியதை நான் எங்கும் பார்த்ததில்லை.

2024 பிப்ரவரியில் புதுச்சேரி அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. சென்னையில் எடுக்கப்பட்ட மாதிரிகளிலும் அதே சாயம் இருப்பது ஆய்வகத்தில் உறுதியானதும், பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு அரசும் தடையை அறிவித்தது. அந்தச் சாயம் ரோடமைன் பி. துணிக்கும் காகிதத்துக்கும் தோலுக்கும் போடுவது. உணவுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டில் அதற்கு இடமில்லை. மறு மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனிலும் பஞ்சுமிட்டாயிலும் அதைச் சேர்க்கக் கூடாதென்று ஆணை வந்தது; ஜூனில் கபாப்களில் செயற்கைச் சாயமே கூடாதென்று மற்றோர் ஆணை. சாயத்தொட்டியின் அருகில் வளர்ந்த ஊர்க்காரர் எவரும் அத்தொட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டமாட்டார். பஞ்சாக நூற்றுக் குச்சியில் சுற்றித் தந்தபோது நாமே காசு கொடுத்து வாங்கித் தந்தோம்.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். ரோடமைன் பி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமற நிறுவப்படவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாதவை' என்னும் மூன்றாம் பிரிவில்தான் வைத்திருக்கிறது. எலிகளில் கண்ட ஐயம் உண்டு. மனிதரில் சான்று குறைவு. 'அப்படியானால் ஏன் ஹராம்?' என்று கேட்கலாம். பிறருக்கும் தனக்கும் கேடு விளைவிக்கக் கூடாது என்னும் கருத்துடைய நபிமொழியை இப்னு மாஜா பதிவு செய்திருக்கிறார். அதிலிருந்து சட்டம் வகுத்த இமாம்கள் கேடு நூற்றுக்கு நூறு உறுதியாகும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. மேலோங்கிய எண்ணமே போதும் என்றார்கள். உணவுக்கென்று யாருமே சோதித்து ஒப்புக்கொள்ளாத ஒரு துணிச் சாயத்தை, தேவை எதுவுமின்றி, நிறத்துக்காக மட்டும் பிறர் பிள்ளையின் வாயில் போடுவது ஐயத்துக்கிடமான காரியம்கூட அன்று. அது அமானிதத்தைக் கெடுத்தல். அமெரிக்கர் 1958இல் தம் சட்டத்தில் சேர்த்த ஒரு விதி இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறது: மனிதரிலோ விலங்கிலோ புற்றுநோய் உண்டாக்குவதாகக் கண்ட சேர்மத்தை உணவுக்கு அனுமதிக்கலாகாது. தீமைக்கு இட்டுச்செல்லும் வழியையே அடைப்பது என்று உசூலுல் ஃபிக்ஹில் ஒரு பாடம் உண்டே, அதை ஓதியவர்களுக்கு இது அன்னியமாகத் தோன்றாது.

அனுமதிக்கப்பட்ட எட்டின் நிலை என்ன? இங்கேதான் அளவு என்பது சட்டத்தின் உயிராகிறது. பெரும்பாலான பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது மேலெல்லை. 50 கிலோ உணவு வேகும் ஒரு தேக்சாவுக்கு 5 கிராம். அதுவும் எல்லா உணவுக்கும் அன்று. மிட்டாய், பிஸ்கட், ஐஸ்கிரீம் என்று விதி சில வகைகளையே குறிப்பிடுகிறது. பிரியாணிக்கும் பொரித்த கோழிக்கும் அதில் இடம் இல்லை. ஆகவே 'நான் போடுவது அனுமதிக்கப்பட்ட சாயம்தான்' என்று ஒரு பிரியாணி மாஸ்டர் சொன்னால், டப்பாவைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மை; தேக்சாவைப் பொறுத்தவரை அன்று.

எல்லைக்குள் இருந்தாலும் பிள்ளைகளுக்கு எல்லை சிறியது என்பதைத் தாய்மார் அறியவேண்டும். கேக்கின் மேலுள்ள செர்ரிக்குச் சிவப்பூட்டும் எரித்ரோசினை நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்வரை உட்கொள்ளலாம் என்று பன்னாட்டு வல்லுநர் குழு வரையறுத்திருக்கிறது. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 1.5 மில்லிகிராம். விதி அனுமதிக்கும் முழு அளவில் சாயமிட்ட பண்டம் வெறும் 15 கிராம் உண்டாலே அந்த எல்லை வந்துவிடும். சன்செட் யெல்லோவுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம். அதே பிள்ளை 600 கிராம்வரை போகலாம். எல்லாச் சாயத்தையும் ஒரே தட்டில் வைத்து 'நஞ்சு' என்று கூவுவதும் 'ஒன்றும் செய்யாது' என்று தள்ளுவதும் ஏன் பிழை என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரியும். ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, சிலர் உட்கொண்ட டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, எரித்ரோசின் ஆகியவை இந்த எல்லையைத் தாண்டியிருந்ததைக் காட்டியது.

எரித்ரோசினின் கதை இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் 1990இலேயே உதட்டுச்சாயம் முதலிய ஒப்பனைப் பொருள்களில் அதைத் தடுத்துவிட்டார்கள், உணவில் விட்டுவைத்தார்கள். உதட்டில் கூடாதது நாக்கில் கூடும் என்ற இந்த விசித்திரம் 2025 ஜனவரி 15 வரை நீடித்தது. அன்றுதான் உணவுக்கான அனுமதியும் திரும்பப் பெறப்பட்டது. உற்பத்தியாளருக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். ஆண் எலிகளில் கட்டி உண்டாக்கிய அதன் வழி மனிதருக்குப் பொருந்தாது என்று அவர்களே சொல்கிறார்கள்; ஆயினும் விதி விதிதான். ஐரோப்பாவில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பான்சியூ 4ஆர் உள்ளிட்ட ஆறு சாயங்களில் எது சேர்ந்திருந்தாலும், பிள்ளைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் அது பாதிக்கலாம் என்று 2010 ஜூலை முதல் பொட்டலத்தில் எச்சரிக்கை போடவேண்டும். இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளிடமும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடமும் செய்து 2007இல் வெளியான ஆய்வே அதற்குக் காரணம். அந்த நான்கும் நம் எட்டில் இருக்கின்றன. நம் பொட்டலங்களில் அந்த எச்சரிக்கை இல்லை.

இத்தனைக்கும் பிறகு, எல்லைக்குள் சேர்த்த அனுமதிக்கப்பட்ட சாயத்தை நான் ஹராம் என்று சொல்லமாட்டேன். அதைச் சொல்ல ஆதாரம் போதாது. பெருநாளன்று ஒரு பிள்ளை வண்ண மிட்டாய் தின்பதைப் பாவமாக்க வேண்டியதில்லை. நாள்தோறும் மாலையில் வண்ணப் பொட்டலம் வாங்கித் தரும் பெற்றோருக்கு மட்டும், விட்டுவிடுவதே பேணுதல் என்று சொல்வேன்.

மூன்றாவது கேள்விதான் கனமானது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கூறிச் சென்றார்கள். முஸ்லிமில் பதிவான இச்செய்தியை ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். இதில் ஒன்று கவனிக்கத்தக்கது: அந்தத் தானியம் நஜீஸும் அன்று, நஞ்சும் அன்று, வெறும் மழைநீர். பொருளில் ஹராம் இல்லை, மேற்பரப்பில்தான் இருந்தது. இதே போல, விற்பதற்கு முன் ஆட்டையும் ஒட்டகத்தையும் சில நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கவைத்துக் காட்டுவதையும் நபியவர்கள் தடுத்தார்கள். பாலில் கலப்படம் இல்லை. பால் நிறையக் கொடுக்கும் என்று மடி சொன்ன சேதிதான் பொய்.

நம் கடலோர மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் இமாம் நவவீயின் மின்ஹாஜில் இந்த மடி விவகாரத்தை ஒட்டி வேறு சில எடுத்துக்காட்டுகளும் வருகின்றன. அவற்றில் ஒன்று, அடிமை வணிகம் நடந்த அந்தக் காலத்தில், விற்கப்படுபவரின் கன்னத்தைச் சிவக்கச் செய்வதும் முடியைக் கருக்கச் செய்வதும். அவ்வாறு நிறமூட்டி விற்றால் வாங்கியவருக்கு வணிகத்தை முறித்துக்கொள்ளும் உரிமை உண்டு. அந்த வணிகம் ஒழிந்துபோனது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நிறம் பேசும் பொய்யை நம் இமாம்கள் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே வணிகக் குற்றமாகக் கண்டார்கள் என்பது அங்கே பதிந்திருக்கிறது. அதற்கும் முன்பு 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய கடைத்தெருக் கண்காணிப்பாளர் கையேட்டில் ரொட்டி சுடுபவர், ஹரீஸா சமைப்பவர், இனிப்புச் செய்பவர், சாயமிடுபவர் என்று தொழில்தோறும் தனித்தனி அத்தியாயம் உண்டு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்பவர் வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுமை என்று எண்ண வேண்டாம். நம்மிடம் அவருக்கு முஹ்தஸிப் என்று பெயர்.

இந்த அளவுகோலால் நம் அடுக்களையை அளந்து பார்ப்போம். பச்சை நிற ஜெல்லியைப் பார்த்து இதில் இலைச்சாறு இருக்கிறது என்று யாரும் ஏமாறுவதில்லை. அங்கே நிறம் வெறும் அலங்காரம், முபாஹ். சோற்றின் மேல் ஆரஞ்சுப் பருக்கைகள் கிடந்தால் அவை குங்குமப்பூ சேர்ந்ததாகச் சொல்கின்றன. சேர்ந்ததோ கேசரிப் பவுடர். கேக்கின் மஞ்சள் முட்டையைச் சொல்கிறது. குழம்பின் சிவப்பு நல்ல மிளகாய் வற்றலைச் சொல்கிறது. கோழி வறுவலின் மினுமினுப்புச் சிவப்பு இரவெல்லாம் மசாலாவில் ஊறியதைச் சொல்கிறது. சில வேளை, நேற்றைய இறைச்சி என்பதைச் சொல்லாமல் மறைக்கிறது. நிறம் ஒரு சேதியைச் சொல்லி, அந்தச் சேதி பொய்யாக இருந்தால், அங்கே இருப்பது நனைந்த தானியம்தான். சாயம் எட்டில் ஒன்றாக இருக்கட்டும், அளவு எல்லைக்குள் இருக்கட்டும், பீட்ரூட் சாறாகவே இருக்கட்டும். அந்தச் சம்பாத்தியத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

கடைக்காரர்கள் சொல்லும் மறுமொழியையும் கேட்கவேண்டும். 'நாங்கள் ஏமாற்றவில்லை, சிவப்பாக இல்லாவிட்டால் மக்கள் வாங்குவதில்லை' என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. சிவக்காத சிக்கன் 65ஐத் தட்டில் வைத்தால் வேகவில்லை என்று திருப்பி அனுப்புபவர்கள் நம்மில் உண்டு. வாங்குபவர் அறிந்தே கேட்டால் ஏமாற்று என்னும் பழி நீங்கிவிடும் என்பது சட்டப்படி சரி. கேடும், நாட்டின் விதியை மீறுவதும் அப்போதும் மிஞ்சும். ஆனால் பழியில் பாதி, கண்ணால் மட்டும் உண்ணப் பழகிய நம்மிடம் வந்து சேரும். நல்ல ஆட்டுக்கறியும் பதமான தம்மும் இருக்கும் பிரியாணிக்கு நிறத்தின் துணை தேவையில்லை என்பதை இவ்வூர்க்காரருக்கு வெளியூரார் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன?

பஞ்சுமிட்டாய்த் தடையின்போது பிடிபட்டவர்கள் பெரும்பாலும் தோளில் குச்சியைச் சுமந்து கடற்கரையில் அலைந்த ஏழைகள் என்பதும் என்னை உறுத்துகிறது. எந்தச் சாயம் உணவுக்குரியது, எது துணிக்குரியது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? துணிச் சாயத்தை அவர்களுக்குச் சில்லறையாக விற்றவர் அறியாதவராக இருக்க முடியாது. பொறுப்பு அறிவுக்கேற்ப ஏறும்.

அச்சத்தைப் பரப்புவதிலும் பொறுப்பு உண்டு. 2025 கோடையில் தர்பூசணியில் சாய ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு தமிழகம் முழுவதும் பரவியது. விற்பனை சரிந்தது, பழம் வயலிலேயே கிடந்தது, விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். இப்படி ஊசி போட்ட பழம் பரவலாக விற்கப்படுகிறது என்பதற்குச் சான்று வெளிவரவே இல்லை. நோன்பு திறக்க வாங்கும் பழமாயிற்றே என்று நம்மவர்களும் அந்தக் காணொளியை அனுப்பித் தள்ளினார்கள். செய்தி வந்தால் விசாரித்துத் தெளியும்படி அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் ஏவுவது இதற்கெல்லாம் சேர்த்துத்தான். வீட்டிலேயே விசாரிக்கக் கூடியவையும் உண்டு. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரின் மேல் மிளகாய்த் தூளைத் தூவுங்கள். நீரில் கரையும் சாயம் கலந்திருந்தால் உடனே நிறம் கோடுகோடாகக் கீழிறங்கும். பொட்டலத்தில் செயற்கைச் சாயம் சேர்ந்திருப்பதை அறிவிக்கவேண்டும் என்பது விதி. சிறிய எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். கடையில் உண்ணும்போதுதான் எந்த அறிவிப்பும் கிடைப்பதில்லை.

அதனால்தான் நம் கையில் முழுதும் இருக்கும் ஓரிடத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்: வலீமா. ஆயிரம் பேர் உண்ணும் அந்தச் சோற்றை எந்த அலுவலரும் சோதிக்கப்போவதில்லை. விருந்தாளியும் கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது. முஸ்லிம் சகோதரர் உணவளித்தால் உண்பதும், துருவித் துருவி விசாரிக்காதிருப்பதும் விருந்தினரின் ஒழுக்கம் என்று நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. ஆகவே கேட்கவேண்டிய கடமை முழுவதும் விருந்தளிப்பவர் மேல் விழுகிறது. விருந்தாளி தம் கேள்வியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஸஹனின் முன் அமர்கிறார். நிக்காஹுக்கு இசைவுச் சீட்டு வழங்கும் ஜமாஅத் நிர்வாகம், மண்டப விதிகளை வாசிக்கும்போது இதையும் ஒரு வரியாகச் சொல்லலாம். அந்த வரி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அரிசி இத்தனை படி, கறி இத்தனை கிலோ, நெய் இத்தனை என்று மாஸ்டர் சொல்லச் சொல்ல மளிகைச் சீட்டு எழுதுவீர்கள் அல்லவா? கேசரிப் பவுடர் என்று அவர் சொல்லும் இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, 'அது வேண்டாம் மாஸ்டர், வெள்ளைச் சோறாகவே இருக்கட்டும்' என்று சொல்லுங்கள். நிறம் இல்லையென்று சம்பந்தி வீட்டார் யாராவது முகம் சுளித்தால், அந்த ஒரு நாளைக்குச் சுளிக்கட்டும்.